கேள்விக்கொத்தோடு வருகிறவர்கள்

ஐம்பது வருஷத்துக்கு முன் கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆய்வு செய்ய வருகிறவர் முதலில் தோட்டத் துரையின் அனுமதி வாங்க வேண்டும். மொழிபெயர்க்கத் தோட்ட உத்தியோகத்தரே பக்கத்தில் நின்றால், சம்பளம் போதுமா என்ற கேள்விக்கு எந்தத் தொழிலாளி வாய் திறப்பார்? 1973-74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்ததை வெளியே கொண்டுவர கண்டியில் 'சத்தியோதயம்' நடத்திய போல் கஸ்பர்ஸ் அடிகளார் போன்ற சிலரே இருந்தார்கள்.

பிறகு உதவிப் பணம் வந்தது. அரசு பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகளுக்கு சுவீடன் வகுப்பறை கட்டிக்கொடுத்தது. மலையகத்துக்கு வந்த வெளிநாட்டு உதவிகளில் உருப்படியானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இன்று என்.ஜி.ஓ. வேலையிலும் கொள்கை ஆய்விலும் இருக்கும் மலையகத்தார் பலர் தோட்டப் பாடசாலையில் படித்து வந்தவர்கள்.

அவர்கள் ஆய்வுக்கு வந்ததால் என்ன மாறியது? கேள்விக்கொத்தில் "வீடு சொந்தமா, வாடகையா?" என்று இருக்கும். மூன்று தலைமுறையாகத் தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் இருப்பவருக்கு உறுதியும் இல்லை, வாடகைச் சீட்டும் இல்லை. அந்தக் கட்டம் தப்பு என்பது லயத்தில் வளர்ந்தவருக்கு உடனே தெரியும். வறுமைக் கணக்கும் இப்படித்தான். தோட்டத்துறை வறுமை 2016இல் 8.8 வீதம், 2019இல் 33.8 வீதம் என்கிறது அரசு. மூன்றே வருஷத்தில் கூட்டம் கூட்டமாக ஏழையானார்களா? இல்லை, நடுவில் வறுமைக் கோட்டையே மாற்றிவிட்டார்கள். பழைய கோட்டில் கண்ணுக்குப் படாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்!

கேகாலைத் தோட்டங்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. கொழும்பிலிருந்து ஹற்றனுக்குப் போகும் உதவி நிறுவன வாகனங்கள் எட்டியாந்தோட்டையைத் தாண்டி நேரே மலையேறிவிடும், இந்தப் பக்கம் திரும்புவது அபூர்வம். 2016 மே மாதம் களுபஹன தோட்டத்தில் மண்சரிந்து லயங்களை மூடிய பிறகுதான் பலர் புளத்கொகுபிட்டியவை வரைபடத்தில் தேடினார்கள்.

கேள்வி கேட்கும் இடத்துக்கு நம் பிள்ளைகள் வந்து சேர்ந்த நேரத்தில் கடை சாத்தப்படுகிறது. நோர்வே 2023இல் கொழும்புத் தூதரகத்தை மூடியது. 2025இல் அமெரிக்காவின் யு.எஸ்.எயிட் நின்றே போனது. கருத்திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது என்பது இந்தத் தொழிலின் பழைய நோய், இப்போது முற்றிவிட்டது.

ஆனால் எல்லா ஆய்வுக்கும் தூதரகப் பணம் வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் சபைப் பணம் போகாமல் தடுத்தது. மலையக ஆய்வாளர்கள் வருஷக்கணக்காக அதைச் சுட்டிக்காட்டினார்கள், 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குப் பின் நம்முடைய பிரதேச சபை தோட்டத்துப் பாதைக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு ஒதுக்கியது? 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டால் சபை பதில் சொல்லியாக வேண்டும். அதை எழுதத் தெரிந்த பிள்ளைகள் இப்போது தோட்டத்திலேயே இருக்கிறார்கள்.