பாறையேறி ஆர்.சி. வண்டியின் ஸ்டீயரிங் மேம்பாடு

ராக் கிராலர் எனப்படும் பாறையேறி வண்டி, ரேடியோ அலைகள் மூலம் தொலைவிலிருந்து இயக்கப்படும் மாதிரி வண்டிகளில் ஒரு வகை ஆகும். வேகமாக ஓடுவது இதன் நோக்கம் அன்று. பாறை இடுக்கு, மரவேர், ஆற்று மணல் ஆகியவற்றின் மீது கவிழாமல் மெல்ல ஏறி இறங்குவதே இதன் வேலை. உண்மையான வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவில் அமைந்த மாதிரிகளே பெருவழக்கு. இவ்வகை வண்டிகளில் உரிமையாளர்கள் முதலில் மாற்றும் உறுப்புகளுள் ஸ்டீயரிங் அமைப்பும் ஒன்று.

ஸ்டீயரிங் ஏன் திணறுகிறது?

பாறையேறியின் அச்சுகளில் டிஃபரன்ஷியல் பூட்டப்பட்டிருக்கும். ஒரே அச்சின் இரு சக்கரங்களும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினாலும் மற்றது இழுப்பதற்கு இது உதவுகிறது. ஆனால் வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட நீண்ட தூரம் செல்ல வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால் டயர் தரையில் தேய்ந்து, வண்டி நேராகவே செல்ல முயல்கிறது. மென்மையான அகல டயர், முன்பக்கம் கூடுதலாக ஏற்றப்பட்ட எடை, இரு கற்களுக்கிடையே சிக்கிய சக்கரம் ஆகியவையும் சேரும்போது சிறிய செர்வோ மோட்டாரால் சக்கரத்தைத் திருப்ப முடிவதில்லை.

செர்வோவும் முறுக்கு விசையும்

செர்வோ என்பது மோட்டார், பல்சக்கரத் தொகுதி, நிலையறியும் உணரி, கட்டுப்பாட்டுச் சுற்று ஆகியவை ஒரே பெட்டியில் அமைந்த கருவி. வழக்கமான அமைப்பில் ரிசீவர் 20 மில்லி வினாடிக்கு ஒரு முறை துடிப்பு ஒன்றை அனுப்புகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லி வினாடி எனில் சக்கரம் நேராக நிற்கும். 1 அல்லது 2 மில்லி வினாடியை நெருங்கினால் ஒரு பக்கம் திரும்பும்.

செர்வோவின் வலிமை கிலோ-சென்டிமீட்டர் அலகில் குறிக்கப்படுகிறது. 20 கிலோ-செ.மீ. செர்வோவில் 2 செ.மீ. நீளக் கை பொருத்தினால், அதன் நுனியில் 10 கிலோ எடைக்குச் சமமான விசை கிடைக்கும். கையை 2.5 செ.மீ. ஆக்கினால் விசை 8 கிலோவாகக் குறையும். ஆனால் நுனி நகரும் தூரம் கூடும். ஆகவே சக்கரம் போதிய கோணம் திரும்பும் அளவுக்கு மட்டும் கை நீளமாக இருந்தால் போதும். பிளாஸ்டிக் கை வளைந்து விசையை வீணாக்குவதால் அதனை அலுமினியக் கையாக மாற்றுவது வழக்கம். வாங்குவதற்கு முன் செர்வோ தண்டின் பல் எண்ணிக்கை கையின் பல் எண்ணிக்கையுடன் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

மின்சாரமே மறைந்திருக்கும் தடை

பலரும் இங்கேதான் ஏமாறுகின்றனர். வலிய செர்வோ சிக்கி நிற்கும்போது பல ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 7.4 வோல்ட்டில் 4 ஆம்பியர் என்றால் சுமார் 30 வாட். வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருக்கும் பி.இ.சி. என்னும் மின்னழுத்தச் சீராக்கி 6 வோல்ட்டில் 3 ஆம்பியர் தருவதாயின் அதன் எல்லை 18 வாட்தான். எல்லை மீறும்போது மின்னழுத்தம் சரிந்து, ரிசீவர் ஒரு கணம் அணைந்து மீள்கிறது. வண்டியோ பாறையின் உச்சியில் கட்டுப்பாடின்றி நிற்கும். இதனைச் செர்வோவின் கோளாறு என்று எண்ணி இன்னும் பெரிய செர்வோ வாங்கினால் சிக்கல் கூடவே செய்யும்.

இதற்குத் தீர்வு தனி பி.இ.சி. ஒன்றைப் பேட்டரியிலிருந்து நேரடியாக இணைப்பது. 8.4 வோல்ட் வரை தாங்கும் செர்வோவை இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியிலேயே நேரடியாக இயக்கலாம். மூன்று செல் பேட்டரி முழு மின்னேற்றத்தில் 12.6 வோல்ட் தருவதால், இடையில் சீராக்கி இல்லாவிட்டால் அத்தகைய செர்வோ எரிந்துவிடும்.

இணைப்புத் தண்டுகளும் கோணமும்

செர்வோவின் விசை டிராக் லிங்க், டை ராட் என்னும் தண்டுகள் வழியே சக்கரத்தைச் சேர்கிறது. விசை கூடினால் தொடரில் மிகவும் மெலிந்த உறுப்புதான் முதலில் உடையும். செர்வோ மட்டும் மாறி, தண்டும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் பிளாஸ்டிக்காகவே இருந்தால் அவை வளையும் அல்லது முறியும்.

செர்வோவை அச்சின் மேல் பொருத்துவது எளிது. சட்டகத்தில் பொருத்தினால் தோற்றம் உண்மையான ஜீப்பை ஒத்திருக்கும். ஆனால் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்பும் குறை தோன்றும். டிராக் லிங்க்குக்கு இணையாக, ஏறக்குறைய அதே நீளத்தில் பான்ஹார்ட் தண்டு அமைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

மேம்பாட்டைத் தொடங்கும் முன் செர்வோவைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களைக் கையால் இரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கேனும் உரசினாலோ இறுகினாலோ அதனை முதலில் சரிசெய்ய வேண்டும். பொருத்திய பின், தண்டுகள் முட்டும் இடத்திற்குச் சற்று முன்பே செர்வோ நிற்கும்படி ரிமோட்டில் எல்லை வைக்க வேண்டும். இல்லையெனில் செர்வோ ஒவ்வொரு திருப்பத்திலும் முட்டி நின்று சூடாகும்.

பொன்னேரி வட்டாரச் சூழல்

பொன்னேரி ஆரணியாற்றுக் கரையிலுள்ள சமவெளி ஊர். இங்கு இயற்கைப் பாறை குறைவு என்பதால் ஆற்று மணலும், கருங்கல் ஜல்லி, உடைந்த கான்கிரீட் துண்டு ஆகியவற்றைக் குவித்து அமைக்கும் தடமும் பயிற்சிக்கு ஏற்றவை. பழவேற்காடு ஏரி உவர்நீர் ஏரி. அதன் கரைச் சேறு படிந்த பேரிங்கும் திருகும் விரைவில் துருப்பிடிக்கும். எனவே நீர் புகாத செர்வோவைத் தேர்ந்தெடுப்பதும், ஓட்டி முடித்ததும் நன்னீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இடுவதும் அவசியம். 6 மி.மீ. கம்பியின் இரு முனைகளிலும் மரை வெட்டினால் டை ராட் ஆகிவிடும். இதற்கு ஒரு லேத் பட்டறை போதும்.

ஏரிக்கு அப்பால் ஒரு பாறையேறி

பழவேற்காடு ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-3, பிரக்யான் என்னும் ஆறு சக்கர ஊர்தியை நிலவுக்குக் கொண்டு சென்றது. சுமார் 26 கிலோ நிறையுள்ள இவ்வூர்தி வினாடிக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வேகத்தில் நகர்ந்தது. மேடுபள்ளங்களில் ஆறு சக்கரங்களும் தரையைத் தொடும்படி ராக்கர்-போகி அமைப்பு பார்த்துக்கொண்டது.

பிரக்யானில் செர்வோ, டை ராட் வகை ஸ்டீயரிங் இல்லை. ஒரு பக்கச் சக்கரங்களை மறுபக்கத்தைவிட வேகமாகவோ மெதுவாகவோ சுழற்றி அது திரும்பியது. இம்முறையில் சக்கரம் தரையில் தேய்வதால் ஆற்றல் கூடுதலாகச் செலவாகும். ஆனால் உடைவதற்கோ சிக்குவதற்கோ தனி ஸ்டீயரிங் உறுப்பு கிடையாது. உடைந்தால் சென்று சரிசெய்ய ஆளில்லாத இடத்தில் இது பெரும் நன்மை. 2023 ஆகஸ்ட் 27 அன்று 3 மீட்டர் முன்னே 4 மீட்டர் விட்டமுள்ள பள்ளம் தென்பட்டபோது, வந்த வழியே திரும்புமாறு ஊர்திக்குக் கட்டளை அனுப்பப்பட்டது. அது வேறு பாதையில் சென்றது. செவ்வாயில் இயங்கும் பெர்சிவியரன்ஸ் ஊர்தியிலோ நான்கு மூலைச் சக்கரங்களுக்கும் தனித்தனித் திருப்பு மோட்டார்கள் உள்ளன. அதனால் அது நின்ற இடத்திலேயே சுழல முடிகிறது.

மேம்பாட்டின் வரிசை

தடையின்றித் திரும்பும் இணைப்புகள், போதிய மின்வழங்கல், உறுதியான கையும் தண்டும், அதன் பிறகே வலிய செர்வோ என்பது செலவைக் குறைக்கும் வரிசை. முதல் மூன்றையும் சரிசெய்த பல வண்டிகளில் நடுத்தர வலிமையுள்ள செர்வோவே போதுமானதாக அமைகிறது.