மும்மொழிக் கல்

கொழும்பு நூதனசாலைக்குச் செல்வோர் கண்டி மன்னரின் அரியணையையே முதலில் தேடுவர். வெள்ளவத்தையிலிருந்து மாணவர் சிலரை அழைத்துச் சென்ற நான், கடல் கொணர்ந்த கல்லொன்றின் முன் அவர்களை நிறுத்தினேன்.

காலியில் மதகொன்றை மூடிக்கிடந்த இக்கல் 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. 1409ஆம் ஆண்டுக்குரிய இதனைக் கொணர்ந்தவர் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியும் இதில் உள. சீனப்பகுதி புத்தபிரானைப் போற்றுகிறது. தமிழ்ப்பகுதி தெய்வேந்திரமுனையில் கோயில்கொண்ட தேனவரை நாயனாராம் திருமாலைப் போற்றுகிறது. பாரசீகப்பகுதி இசுலாத்துக்கு உரியது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைகளோ ஏறக்குறைய ஒரே அளவின.

"சிங்களம் ஏன் ஐயா இல்லை?" என்றான் ஒரு மாணவன்.

"இது நாட்டுக்குரியவர் எவரென உரைக்கும் கல்லன்று, தம்பி, துறைமுகத்தில் கூடிய வணிகர்க்கு எழுதிய கல். தமிழ் அன்று கடல்வணிகர் மொழிகளுள் ஒன்று" என்றேன்.

கல்லைக் கொணர்ந்தோர் சாதுக்களல்லர். அழகக்கோனாரை 1411இல் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றவரும் அவரே. ஆயினும், பிறரோடு பேச அவர்தம் மொழி வேண்டும் என்பதை அறிந்திருந்தனர். நம் நாடோ 1956இல் சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கியது. 1987இல் தமிழையும் ஏற்குமுன் எத்தனை உயிர்களை இழந்தோம்!

ஆசிரியர்களே, மாணவரை இக்கல்லின்முன் அழைத்துச் செல்லுங்கள். அயல் பாடசாலைச் சிங்கள மாணவரையும் உடன் அழையுங்கள்.