புண் காய வேண்டுமா?

“புண்ணைக் காற்றாட விடு, காய்ந்தால் ஆறிவிடும்” என்பார் என் தந்தையார். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குக் கொத்து வேலைக்கு வந்தவர், நீரிழிவுக்காரர். செருப்புக் கடித்து அவர் கால் பெருவிரலில் உண்டான புண்ணை அவ்வாறே காயவிட்டோம். வலி தெரியாததால் அவரும் பொருட்படுத்தவில்லை. மூன்று மாதத்தில் விரலையே எடுக்க நேர்ந்தது. அப்போது எனக்கு வயது 17. இன்று இரசாயனம் பயிலும் நான், அப்புண் ஏன் ஆறவில்லை என்பதை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தோல் கிழிந்ததும் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அங்கே விரைகின்றன. ஆக்சிஜனைக் கொண்டு சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு முதலியவற்றை ஆக்கிக் கிருமிகளைக் கொல்கின்றன. சில நாட்களில் இப்போர் ஓய்ந்தால்தான் புதுத் தோல் வளரும். நீரிழிவிலோ இரத்த ஓட்டம் குன்றுகிறது. போரும் எளிதில் ஓய்வதில்லை. பகைவனுக்கு மூட்டிய தீ நம் கூரையையே பற்றுவதுபோல், புதிய செல்களும் அழிகின்றன.

இத்தீயைத் தணிப்பவை ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள். நெல்லிக்காயிலுள்ள வைட்டமின் சி அவற்றுள் ஒன்று. அதைப் புண்ணில் தூவினால் போதாதோ? போதாது, கசியும் நீரோடு போய்விடும். பிடித்து வைத்துச் சிறிது சிறிதாகத் தர ஒரு பொருள் வேண்டும். அதுவே ஹைட்ரோஜெல். நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள்: பெரும்பகுதி நீரே, ஆயினும் ஒழுகுவதில்லை. ஹைட்ரோஜெல்லிலும் நீண்ட மூலக்கூறுகள் வலைபோல் பின்னி நீரைத் தாங்குகின்றன.

ஈரம் புண்ணுக்குத் தீங்கன்றோ? 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பார், பன்றிகளின் மேற்புண்களைப் பாலிதீன் படலத்தால் மூடிப் பார்த்தார். காயவிட்ட புண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரைவில் அவற்றில் புதுத் தோல் படர்ந்தது!

2014இல் நம் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் முகேஷ் குழுவினர், வனேடியம் பென்டாக்சைடின் நுண்கம்பிகள் உடலின் நொதியைப்போல ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைப்பதைக் காட்டினர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் குமார் குழுவினர், தீயைத் தணித்துக்கொண்டே ஆக்சிஜனும் ஊட்டும் பஞ்சு போன்ற ஜெல் கட்டு ஒன்றை 2020இல் அறிவித்தனர். நீரிழிவுற்ற எலிகளின் புண்கள் அதனால் விரைந்து ஆறின.

எலிக்கு ஆறியது மனிதருக்கும் ஆறும் என்று உறுதியாக நாளாகும். அதுவரை நம்மால் இயன்றது ஒன்றுண்டு. வீட்டில் நீரிழிவுள்ளவர் இருந்தால் இரவுதோறும் அவர் பாதத்தைப் பாருங்கள். சிறு புண்ணானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இவ்வளவை அன்று அறிந்திருந்தால், என் தந்தையார் இன்றும் சாரம் ஏறிக்கொண்டிருப்பார்.