உஷார்! உங்கள் பையன் யார் பின்னால் போகிறான்?

பையனைப் பெற்றவர்களே, உஷார்! பெண்ணைப் பெற்றவர்கள் ஏற்கெனவே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இது உங்களுக்கு.

ஒரு பெண் "வேண்டாம்" என்று சொன்ன பிறகும் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பது, வீடுவரை பின்தொடர்வது, இன்ஸ்டாகிராமில் அவள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று நோட்டம் விடுவது... இதையெல்லாம் காதல் என்று உங்கள் பையன் நினைத்துக்கொண்டிருக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவுப்படி இது குற்றம். முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை, மறுபடி மாட்டினால் 5 ஆண்டு வரை. போகிற போக்கில் ஆபாசமாக ஒரு வார்த்தை, ஒரு சைகை? அது 79ஆம் பிரிவு, அதற்கும் 3 ஆண்டு வரை. "சும்மா கலாய்ச்சேன் மேடம்" என்பதெல்லாம் மகளிர் காவல் நிலையத்தில் எடுபடாது.

1998இல் சென்னையில், ஆட்டோவில் வந்த கும்பல் வம்பு செய்ததில் ஒரு கல்லூரி மாணவி கீழே விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனார். தமிழ்நாட்டில் ஈவ் டீசிங்குக்குத் தனிச் சட்டம் வந்தது அந்த ஆண்டுதான். அதன் தண்டனையை இன்னும் கூட்டி 2025 ஜனவரியில் சட்டமன்றம் திருத்த மசோதாவை நிறைவேற்றியது.

சினிமாதான் கெடுக்கிறது என்பீர்கள். துரத்தித் துரத்திக் காதலிக்கும் ஹீரோக்களைப் பார்த்து எனக்கும் எரிச்சல்தான். ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? சாப்பிட்ட தட்டை அக்கா எடுக்க வேண்டும். தங்கச்சி போனை இவன் நோண்டலாம், இவன் போனை யாரும் தொடக்கூடாது. பைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் மூன்றாம் நாள் பைக் வந்துவிடும். அடம்பிடித்தால் கிடைக்கும் என்று அவனுக்குப் பாடம் நடத்தியது நாம்தான். அதையே அவன் வெளியில் ஒரு பெண்ணிடம் செய்துபார்க்கிறான். "வயசுக் கோளாறு, சரியாயிடும்" என்று அத்தை வேறு பரிந்து பேசுவார்.

மறுப்பைத் தாங்குவதை வீட்டிலேயே பழக்குங்கள். யார் அறையானாலும் கதவைத் தட்டிவிட்டு நுழையட்டும். ஒரு பெண் மறுத்தால் "சரிங்க, மன்னிச்சுக்கோங்க" என்ற ஒரு வார்த்தையோடு விலகவேண்டும், அப்புறம் ஒரு மெசேஜ்கூடப் போகக்கூடாது என்று நேரடியாகவே சொல்லுங்கள். "விடாத மச்சி, ஃபாலோ பண்ணு" என்று ஏற்றிவிடும் கூட்டாளிகள் ஸ்டேஷன் வாசலுக்குக்கூட வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதை அம்மா தலையில் கட்டாமல் அப்பாவே பேசவேண்டும். அம்மாவை எடுத்தெறிந்து பேசுகிற அப்பா பேசினால் பையன் காதில் ஏறாது, அது வேறு விஷயம்.

ஒருநாள் யாராவது உங்கள் வீட்டுப் படியேறி, "உங்க பையன் எங்க பொண்ணைத் தொந்தரவு பண்றான்" என்று சொன்னால், "எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று சண்டைக்குப் போகாதீர்கள். உட்காரவைத்து முழுசாகக் கேளுங்கள். அவர்கள் நேராகப் போலீசுக்குப் போயிருக்கலாம், முதலில் உங்களிடம் வந்திருக்கிறார்கள்.