எந்தப் பத்து பங்கு போனது?

ஒரு நிறுவனத்தின் பங்கை ஜனவரியில் 100 ரூபாய் விலையில் பத்து வாங்குகிறீர்கள். ஜூனில் விலை 150 ஆனதும் இன்னும் பத்து. சராசரி விலை 125 என்கிறது பங்கு வாங்கி விற்கும் செயலி. செப்டம்பரில் 160 ரூபாய்க்குப் பத்தை விற்கிறீர்கள். மறுபடி திறந்தால், மீதிப் பத்தின் சராசரி 150! விற்றதால் வாங்கிய விலை எப்படி ஏறும்? முதல் தடவை பார்த்தபோது செயலிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. காகிதப் பங்குக்குத் தனித்தனி எண் இருந்தது. பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்குக்கு வந்ததும் அந்த அடையாளம் போய்விட்டது; மூட்டையில் கொட்டிய அரிசிபோல் இருபதும் ஒன்றுதான். எந்தப் பத்து போனது என்று யாராவது தீர்ப்புச் சொல்ல வேண்டும். வருமான வரிச் சட்டம் சொல்கிறது: முதலில் வந்தது முதலில் போகும். ஆக, போனது 100 ரூபாய்ப் பங்கு; கட்டணங்களை விட்டுவிட்டால் லாபம் 600. சராசரியை வைத்தால் 350. கடைசியாக வாங்கியது போனதாகக் கொண்டால் வெறும் 100. ஒரே விற்பனை, மூன்று லாபம்! அதனால்தான் மென்பொருள் ஒவ்வொரு கொள்முதலுக்கும் தேதி, விலை எழுதிய சீட்டு ஒன்றை உள்ளுக்குள் வைத்திருக்கிறது. டீமேட் அழித்த முகத்தை அது திரும்ப வரைகிறது.

ரொக்கம் பங்கைவிடக் குறும்புக்காரப் பிள்ளை. திங்களன்று விற்றால் பணம் செவ்வாயன்றுதான் கைமாறும். 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் வழக்கமாக இந்த ஒருநாள் கணக்குதான். ஆனால் அந்தப் பணத்தில் அன்றே வேறு பங்கு வாங்கத் தரகர்கள் விடுவார்கள், வங்கிக்கு எடுக்க விடமாட்டார்கள். எனவே ‘இருப்பு’ ஒன்றல்ல: வந்த பணம், வரப்போகும் பணம், வாங்க மட்டும் உதவும் பணம். தரகரிடம் சும்மா கிடப்பதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வங்கிக்கே திருப்ப வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அதனால் ஒரு காலையில் இருப்பு சுழியமாகியிருக்கும். இடது பையிலிருந்து வலது பைக்குப் போனது நஷ்டமல்ல என்று மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விலையும் ஏமாற்றும். 2024 அக்டோபர் 28 அன்று ரிலையன்ஸ் பங்கு 2,650 ரூபாய் அளவிலிருந்து 1,330 அளவுக்கு வந்தது. சரிவு இல்லை, ஒன்றுக்கு ஒன்று இலவசப் பங்கு, அதாவது போனஸ். பங்கு இரட்டித்தது, விலை பாதியானது. இதை அறியாத மென்பொருள் ஐம்பது சதவீத நஷ்டம் என்று சிவப்பில் அலறும்.

எனக்கு மிகப் பிடித்தது வருவாய் விகிதக் கணக்கு. 10,000 ரூபாய் ஓராண்டு முழுதும் இருந்தது. 90,000 ரூபாய் கடைசி ஒரு மாதம் மட்டும். முடிவில் கையில் 1,02,000. இரண்டு சதவீதம்தானா? பெரும்பணம் நேற்று வந்த விருந்தாளி. அதை ஓராண்டு உழைத்ததாகக் கணக்கிடுவது நியாயமில்லை. பணம் எத்தனை நாள் கிடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கும் விகிதத்தை ‘எக்ஸ்ஐஆர்ஆர்’ என்பார்கள். இதற்கு நேரடிச் சூத்திரம் கிடையாது. மென்பொருள் ஊகிக்கிறது! 10 சதவீதம் என்று வைத்துப் பார்க்கிறது: 1,02,000-க்கு ஏறக்குறைய 282 ரூபாய் குறைகிறது. 12 வைக்கிறது: 54 ரூபாய் கூடுகிறது. மளிகைக் கடைக்காரர் தராசில் எடைக்கல்லை மாற்றி மாற்றி வைப்பதுபோல் 11.7 அருகே முள்ளை நிறுத்துகிறது. நியூட்டன் காலத்து உத்தி. நம் கைபேசியில் கண்ணிமைப்பதற்குள் முடிகிறது.

இத்தனை செய்யும் கணினிக்குப் பத்து பைசாவை ஒழுங்காக எழுத வராது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் நீள்கிறதே, இரும எண்களில் 0.1-க்கும் அதே கதி. 0.1-உம் 0.2-உம் கூட்டச் சொன்னால் பல மொழிகளில் 0.30000000000000004 என்று பதில் வரும். அதனால் கவனமான நிரலர்கள் ரூபாயை மறந்து பைசாவை முழு எண்ணாக எண்ணுகிறார்கள். க்னுகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருள் இன்னும் ஒரு படி போய், ஒவ்வொரு தொகையையும் பின்னமாகவே வைத்திருக்கிறது: மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நாலாம் வகுப்பு நோட்டில் எழுதியதுபோல.