புத்தகமும் பலகையும்

கோலா தெர்லாவில் மழை பிடித்துக்கொண்டால் இலேசில் விடாது என்பது உங்களுக்குத் தெரியும். பிற்பகலில் பனிமூட்டம் இறங்கித் தேயிலைச் சரிவை மூடிவிட்டால், பிள்ளைகள் திடலுக்குப் போக முடியாது. அந்த நேரத்துக்கென்றே நம் பள்ளியில் சில சதுரங்கப் பலகைகளை வைத்திருக்கிறோம். அந்தப் பலகைகளிலிருந்து நாம் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். நூலில் படித்ததை ஆட்டத்தில் பயன்படுத்துவது எப்படி என்பதே அந்தப் பாடம்.

கடந்த ஆண்டு ஒரு மாணவனைப் போட்டிக்கு அழைத்துச் சென்றோம். தாயார் கொழுந்து பறிப்பவர், தந்தை காய்கறி லோரி ஓட்டுபவர். சம்பளப் பணத்தில் மிச்சம் பிடித்து மகனுக்குச் சதுரங்க நூல் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளில் பத்தை அவன் மனப்பாடமாகச் சொல்வான். ஆனால் முதல் ஆட்டத்தில் ஆறாவது நகர்த்தலில், நூலில் இல்லாதபடி எதிராளி தன் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி அவனுடைய குதிரையைத் தாக்கினான். நம் பையன் அதைக் கவனிக்காமல், நூலில் அடுத்து இருந்த நகர்த்தலையே ஆடினான். குதிரை போயிற்று. சிறிது நேரத்தில் ஆட்டமும் போயிற்று. திரும்பி வரும் வழியில், "சார், புத்தகம் பொய் சொல்லிடுச்சு. இனிமே நான் ஆடமாட்டேன்" என்று அழுதான்.

புத்தகம் பொய் சொல்லவில்லை. தவறு நம்முடையது. நகர்த்தலைச் சொல்லிக் கொடுத்த நாம், அதன் காரணத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சதுரங்கத்தில் முதலில் ஆடுபவர் தம் முதல் நகர்த்தலை 20 விதமாக ஆடலாம். எதிராளியும் ஒரு முறை ஆடிவிட்டால், ஆட்டம் சென்றிருக்கக்கூடிய வழிகள் 400. இருவரும் இரண்டு இரண்டு முறை ஆடி முடிப்பதற்குள் அது 197,281 ஆகிவிடுகிறது. இத்தனையையும் எந்த நூலில் அச்சிட முடியும்? எந்தப் பிள்ளைதான் மனப்பாடம் செய்ய முடியும்? ஆகவே நல்ல நூல் நமக்குத் தருவது விடைகளை அன்று, காரணங்களை. 'எதிராளி இதை ஏன் ஆடினார்? இப்போது எனக்கு என்ன ஆபத்து?' என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை.

"சீட்டாட்டத்துக்குக்கூடப் புத்தகம் இருக்காமே!" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். போக்கர் என்னும் சீட்டாட்டத்துக்கு மேல்நாடுகளில் நூல்கள் குவிந்து கிடக்கின்றன. 52 சீட்டுகளில் ஐந்து சீட்டுகள் 2,598,960 விதமாகக் கைக்கு வரலாம் என்று அவை கணக்குச் சொல்கின்றன. ஆனால் அங்கே நூல் சொன்னபடி ஆடியவரும் தோற்கலாம், தப்பாக ஆடியவரும் வெல்லலாம். சீட்டு வந்த யோகம் தவற்றை மறைத்துவிடுகிறது. சம்பளமும் போகும்; எதனால் போயிற்று என்ற பாடமும் கிடைக்காது. சதுரங்கத்தில் மறைவு ஒன்றும் இல்லை. தோற்றால் அதற்கான காரணம் பலகையிலேயே இருக்கிறது. தேடினால் அகப்படும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் வேண்டுமா?

அந்தத் தோல்விக்குப் பிறகு நம் பள்ளியில் மூன்று பழக்கங்களைக் கொண்டுவந்தோம்.

முதலாவது, ஒரு பாடம் படித்தால் அதை உடனே ஆடிப் பார்ப்பது. எடுத்துக்காட்டாக, ஒரு பக்கம் ராஜாவும் ஒரு சிப்பாயும், மறுபக்கம் ராஜா மட்டும். பிள்ளைகள் அவசரப்பட்டுச் சிப்பாயை முன்னே ஓட விடுவார்கள். எதிரி ராஜா குறுக்கே வந்து நின்றுகொள்ளும், ஆட்டம் சமனாகிவிடும். நூலோ ராஜாவை முன்னே நடத்தச் சொல்கிறது. காட்டை வெட்டிப் பாதை போடுகிறவர் முன்னே போக, சுமை தூக்குகிறவர் பின்னே வருவதில்லையா? அதுபோல, தன் சிப்பாய்க்கு முன்னால் ராஜா ஆறாவது வரிசையை அடைந்துவிட்டால் வெற்றி உறுதி. ஓரச் சிப்பாய் மட்டும் இதற்கு விலக்கு. இதைப் படித்தவுடன் இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவைத்து, பக்கம் மாற்றி மாற்றிப் பத்து முறை ஆடச் சொல்கிறோம். கண்ணால் படித்தது அப்போதுதான் கைக்கு வருகிறது.

இரண்டாவது, ஆடும்போதே ஒவ்வொரு நகர்த்தலையும் நோட்டில் எழுதிக்கொள்வது. மூன்றாவது, தோற்ற ஆட்டத்தை மறுநாள் திரும்ப ஆடி, எந்த இடத்தில் சறுக்கியது என்று கண்டுபிடித்து, அதன் பிறகே நூலைத் திறப்பது. கேள்வியோடு திறக்கிறவனுக்கு நூல் பதில் சொல்கிறது.

எளிய பாடம்தானே என்று நினைத்துவிட வேண்டாம். 2024 டிசம்பர் 12ஆம் நாள், சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் போட்டியின் பதினான்காவது ஆட்டம், அதாவது கடைசி ஆட்டம் நடந்தது. அதுவரை இருவரும் சம புள்ளிகள். சென்னையைச் சேர்ந்த குகேஷுக்கு அப்போது வயது 18. எதிரில் சீனாவின் டிங் லிரன், நடப்பு உலக வெற்றியாளர். ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகளும், பிறகு மூலைவாட்டில் செல்லும் மந்திரிகளும் வெட்டுப்பட்டால், ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சும். தம்மிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கும் என்பதைக் குகேஷ் கண்டுகொண்டார். தொடக்க நூல்களில் வரும் ராஜா - சிப்பாய்ப் பாடந்தான் உலகப் பட்டத்தையே முடிவு செய்தது. அந்தப் பாடம் டிங்குக்கும் தெரியாதது அல்ல. நேரம் குறைந்து மனம் களைத்த வேளையில் அது கைக்கு வரவில்லை. இந்தக் குகேஷுக்குப் பயிற்சி கொடுத்த விஷ்ணு பிரசன்னா, பல ஆண்டுகள் அவரைக் கணினியின் உதவி இல்லாமல் தாமே சிந்திக்க வைத்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

தாய்மார்களுக்கு இன்னொரு செய்தி. விசுவநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தாயார் சுசீலா. குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டில் இருந்தபோது, அங்கே தொலைக்காட்சியில் சதுரங்கப் புதிர்கள் வரும். மகன் பள்ளியில் இருக்கும் நேரம் ஆகையால், தாயார் அவற்றை எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை காண்பார்கள். பரிசு ஒரு புத்தகம். ஆனந்த் அடிக்கடி வென்றதால், "வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார்களாம். அந்தச் சிறுவர்தாம் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 2000இல் உலக வெற்றியாளரும் ஆனார்.

நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஆனந்த் ஆக வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாயார் செய்தது நம்மாலும் முடியும். ஒரு பழைய நோட்டு, ஒரு பென்சில், வேலை முடிந்து வந்த பிறகு கால் மணி நேரம். உங்களுக்கு ஆட்டம் தெரிய வேண்டியதுகூட இல்லை. "இன்று எங்கே தோற்றாய்? காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். "ஏன் தோற்றாய்?" என்று அதட்டினால் பிள்ளை நோட்டை ஒளித்துவிடும். "எங்கே?" என்று அருகில் உட்கார்ந்து கேட்டால், தானே தேடிக் காட்டும்.

அழுத அந்த மாணவன் மறுபடியும் ஆடுகிறான். சில ஆட்டங்களில் வெல்கிறான், பல ஆட்டங்களில் தோற்கிறான். சென்ற வாரம் தோற்றதும் நோட்டோடு நம்மிடம் வந்து, "சார், பதினேழாவது நகர்த்தல்தான் தப்பு. நானே கண்டுபிடிச்சிட்டேன்" என்றான். அவன் முகத்தில் அழுகை இல்லை.