பாஸ்கா நிலவு

சாட்டிக் கரையில் காயும் முழுநிலவு பல நாட்காட்டிகளுக்குப் பொது. யூதரின் பாஸ்கா, நீசான் மாதத்து முழுமதியை ஒட்டித் தொடங்கும். பன்னிரண்டு சந்திர மாதங்கள் ஏறக்குறைய 354 நாள்தான். சூரிய ஆண்டைவிட இது குறைவு; இப்படியே எண்ணிக்கொண்டு போனால் இந்த வசந்த விழா குளிர்காலத்துக்குப் போய்விடும். ஆகவே 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதம் கூட்டுவார்கள். பஞ்சாங்கத்தின் அதிக மாதம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இயேசு பாடுபட்டது பாஸ்காக் காலத்தில். அதனாலேயே சாட்டி சிந்தாத்திரை மாதா ஆலயத்திலும் அதை நினைவுகூரும் பெரிய வெள்ளியின் தேதி ஆண்டுதோறும் மாறுகிறது. 2019 ஏப்ரல் 19இல் பெரிய வெள்ளி, தாயை நினைந்து விரதமிருக்கும் சித்திரா பூரணை, பௌத்தரின் பக் போயா மூன்றும் ஒன்றாய் வந்தன. அன்று மாலையே யூதருக்குப் பாஸ்காவும் தொடங்கியது.